அம்மாவின் குரலில்

ஏப்ரல் 14, 2019, ஞாயிறு

இந்த நோட்டின் அட்டையில் தங்க நிற முடியோடு ஒரு வெள்ளைக்காரி சிரிக்கிறாள். கீழே "பச்சைக் கிளி ஆங்கிலப் பயிற்சிப் பள்ளி" என்று சீனத்தில் எழுதியிருக்கிறது. அந்த அம்மணி இந்தப் பள்ளியில் வேலை பார்க்கவில்லை. பார்த்ததும் இல்லை. எங்கோ இணையத்திலிருந்து இறக்கிய படம். அட்டையில் சிரிப்பது அவள். உள்ளே நின்று "ஏ ஃபார் ஆப்பிள்" என்று தொண்டையைக் கிழித்துக்கொள்வது தூத்துக்குடி ஜெசிந்தா. என் அம்மா. கிளி பச்சை, அம்மா மாநிறம், பெற்றோர் எதிர்பார்த்தது வெள்ளை. கலர் டிவி மாதிரி ஒரு பள்ளிக்கூடம்.

நான் பெனிட்டா. வயது பதினைந்து. நான்டோங் என்ற இந்தச் சீன ஊருக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. அப்பா போன மறு வருஷம் வந்தோம். போனது என்றால் வெளியூருக்கு இல்லை, கல்லறைத் தோட்டத்துக்கு. அதைப் பற்றி இவ்வளவு போதும்.

என்னை இங்கே ஒரு சீனப் பள்ளியில் ஒரு வகுப்பு கீழே இறக்கிச் சேர்த்தார்கள். இப்போது எட்டாவது. சீனம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அம்மாவுக்குத் தெரிந்த சீனம் மொத்தம் மூன்று: "நன்றி", "அந்தப் பக்கம் திருப்புங்க", "இன்னும் கொஞ்சம் மிளகாய்". மற்ற எல்லாவற்றுக்கும் நான்தான் வாய்.

வெள்ளிக்கிழமைச் சாதனை: வகுப்புக் கடிகாரத்தைப் பத்து நிமிஷம் முன்னால் தள்ளி வைத்தேன். கணக்கு வாத்தியார் முன்னதாகவே விட்டுவிட்டார். அவர் கணக்குப் போட்டார், நான் நேரம் போட்டேன்.

ஏப்ரல் 17, புதன்

அம்மாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஊரில் ஒரு வீடு கட்டலாம் என்று வந்தோம். இதுவரை கட்டியது தொண்டை மட்டும்தான்.

இதை அம்மாவிடம் சொன்னேன். சிரித்தாள். பாதிச் சிரிப்பு வெறும் காற்றாகப் போயிற்று.

"சிரிக்க வைக்காதட்டி. வலிக்கி."

மூன்று வாரமாக இப்படித்தான். பள்ளியின் முதலாளி லின் மேடம் வெந்நீர் குடிக்கச் சொல்லியிருக்கிறார். காய்ச்சல் வந்தாலும், கால் உடைந்தாலும், காதல் உடைந்தாலும் இந்த நாட்டில் ஒரே மருந்து, வெந்நீர்.

ஏப்ரல் 22, திங்கள்

ஆஸ்பத்திரி. சீட்டு எண் 143. டாக்டருக்கு என் கணக்கு வாத்தியாரைவிட வயது குறைவு. மூக்கு வழியாக ஒரு குழாயை விட்டார். திரையில் அம்மாவின் குரல் தெரிந்தது. அதாவது குரல் வரும் இடம். இரண்டு வெள்ளை நாடாக்கள், ஒன்றின் ஓரத்தில் உளுந்து அளவில் சிவப்பாக ஒரு கட்டி.

டாக்டர் என்னைப் பார்த்துப் பேசினார். நிறையப் பேசினார். நான் அம்மாவைப் பார்த்தேன். கட்டிலின் ஓரத்தைப் பிடித்திருந்தாள், விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது.

"என்னட்டி சொல்லுதாரு?"

"ஒரு மாசத்துக்குப் பேச்சைக் குறைக்கணுமாம். பாடக் கூடாதாம்."

"குறைச்சாப் போதுமா? வேற?"

"வேற… காரம் குறைக்கணுமாம்."

"இதுக்கா இம்புட்டு நேரம் பேசினாரு?"

"சீன பாஷையே நீளம்மா."

டாக்டர் இன்னும் ஒரு விஷயம் சொன்னார். அதை இங்கே எழுதப்போவதில்லை. அவ்வளவு முக்கியமில்லை. ரிப்போர்ட்டை என் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். பத்திரமான இடம், நானே திறப்பதில்லை.

ஏப்ரல் 23, செவ்வாய்

"வேற ஒண்ணும் சொல்லலையே அவரு?" என்று அம்மா மூன்று தடவை கேட்டுவிட்டாள்.

ஏப்ரல் 25, வியாழன்

பச்சைக் கிளியில் ஒரு வழக்கம். தினமும் சாயங்காலம் பிள்ளைகள் பத்து வரி வாசித்து, பதிவுசெய்து, வீசாட் செயலியில் பெற்றோர் குழுவுக்கு அனுப்பவேண்டும். டீச்சர் ஒவ்வொரு பிள்ளைக்கும் பேர் சொல்லிக் குரலில் பதில் அனுப்பவேண்டும். எழுதினால் செல்லாது. "பெற்றோர் வெளிநாட்டுக் குரலைக் கேட்கணும்" என்பது லின் மேடத்தின் சட்டம். மொத்தம் பதினெட்டுப் பிள்ளைகள். அஞ்சு, ஆறு வயசு. ஆங்கிலப் பேர்களை அவர்களே தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள். ஸெவன் என்று ஒரு பையன். கிங் என்று ஒருவன். மண்டே என்று ஒரு பெண். வாரத்தின் முதல் நாளே அம்மா வகுப்பில் உட்கார்ந்து மூக்கைச் சிந்துகிறது.

இன்று ஆறாவது பிள்ளையிலேயே அம்மாவின் குரல் நின்றுவிட்டது.

"நான் அனுப்பட்டா?" என்றேன்.

"கண்டுபிடிச்சிருவாங்கட்டி."

"உன் சத்தத்துல பேசினப்போ ஊர்ல சித்தியே போன்ல கண்டுபிடிக்கல. இவங்களா?"

அம்மா யோசித்தாள். பிறகு போனை என்னிடம் நீட்டினாள்.

"வெரி குட், ஸெவன்! யுவர் வாய்ஸ் இஸ் லைக் எ பெல்!" என்றேன், அம்மா மாதிரியே கடைசி வார்த்தையை மேலே தூக்கி. இரண்டு நிமிஷத்தில் ஸெவனின் அம்மா மூன்று ரோஜாப்பூப் படம் போட்டுவிட்டார். குழுவில் அவர் பேரே "ஸெவன் அம்மா"தான். இங்கேயும் பிள்ளை பிறந்தால் அம்மாக்களின் சொந்தப் பேர் காணாமல்போய்விடுகிறது.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். "நான் இப்படியா இழுக்கேன்?" என்றாள். இழுக்கிறாள்.

மே 9, வியாழன்

ஆராய்ச்சி முடிவு: டீச்சர் குரலில் எதைச் சொன்னாலும் இந்த ஊர்ப் பெற்றோர் செய்வார்கள்.

ஸெவனுக்கு 'எம்' உச்சரிப்பு வரவில்லை. நேற்று அம்மா குரலில், "மூக்கைப் பிடிச்சுக்கிட்டு வாசி" என்று சும்மா சொல்லி வைத்தேன். இன்று ஸெவன் அம்மா ஒரு வீடியோ போட்டிருக்கிறார். ஸெவன், அவன் அப்பா, அவன் அம்மா, சமையல் செய்யும் அக்கா, நாலு பேரும் வரிசையாக சோஃபாவில் மூக்கைப் பிடித்துக்கொண்டு "மங்கி, மில்க், மூன்" என்று வாசிக்கிறார்கள். கீழே "டீச்சருக்கு மிக்க நன்றி" என்று வேறு.

அரை மணி நேரம் சிரித்தேன். அம்மாவிடம் காட்டவில்லை. சிரித்தால் அவளுக்கு வலிக்கும்.

மே 19, ஞாயிறு

அம்மா இப்போது இடுப்பில் சின்ன மைக் கட்டிக்கொண்டு தணிந்த குரலில் பாடம் நடத்துகிறாள். பிள்ளைகள் சத்தம் போட்டால் "கொயட், ப்ளீஸ்" என்று மட்டும் சொல்கிறாள். வீட்டில் பேச்சே இல்லை. காய் நறுக்கும்போது ஏதாவது ஞானப்பாட்டு பாடுவாள். அதுவும் நின்றுவிட்டது. சமையலறையில் கத்தி மட்டும்தான் சத்தம் போடுகிறது. கத்தி கத்துகிறது என்று எழுதலாம். எழுதினேன். சிரிப்பு வரவில்லை.

ஜூன் முதல் தேதி குழந்தைகள் தினம். அன்றைக்குத் திறந்த வகுப்பு. பெற்றோர் எல்லோரும் வந்து பின்னால் உட்கார்ந்து பாடத்தைப் பார்ப்பார்கள். பிடித்தால் அடுத்த வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுவார்கள். அவர்கள் போட்டால்தான் லின் மேடம் அம்மாவோடு ஒப்பந்தம் போடுவார். ஒப்பந்தம் இருந்தால்தான் விசா. இல்லையென்றால் பெட்டி.

"போட்டுட்டாங்கன்னா நீ இங்கயே ஒம்பதாவது முடிச்சிரலாம்," என்றாள் அம்மா மெதுவாக. "ஊருக்குப் போனா மறுபடி கீழ் வகுப்புல உக்காரணும். சின்னப் பிள்ளைங்க நடுவுல பனைமரம் மாதிரி நிப்ப."

"பேசாதம்மா."

"இது பேச்சா? காத்துட்டி."

மே 28, செவ்வாய்

அம்மா கண்ணாடி முன்னால் நின்று திறந்த வகுப்புக்குப் பயிற்சி எடுக்கிறாள். வாய் அசைகிறது, சத்தம் இல்லை. ஊமைப்படம் மாதிரி இருக்கிறது. இப்படியே நடத்தினால் பெற்றோர் தூங்கிவிடுவார்கள். பிறகு யார் கையெழுத்துப் போடுவது?

எனக்கு ஒரு யோசனை. இன்று பதினெட்டுப் பிள்ளைகளுக்கும் தனித்தனியாக, அம்மா குரலில், நடுநடுவே சீனமும் கலந்து, ஒரு ரகசியம் அனுப்பினேன். "சனிக்கிழமை நான் 'கொயட்' என்று சொன்னதும் நீங்கள் எல்லோரும் புலி ஆகிவிடணும். உறுமணும். நான் எத்தனை தடவை சொல்கிறேனோ, அத்தனைக்குச் சத்தம் கூடணும்."

பிள்ளைகள் உறுமும், பெற்றோர் சிரிப்பார்கள், அம்மா ஒரு நிமிஷம் திகைத்துவிட்டுச் சிரிப்பாள். பழைய அம்மா மாதிரி. அவ்வளவுதான் திட்டம்.

மே 30, வியாழன்

குழுவில் புலிகள். வீட்டுக்கு வீடு உறுமல் பயிற்சி. கிங்கின் அப்பா பக்கத்தில் நின்று கைக்கடிகாரம் பார்த்து நேரம் குறிக்கிறார். மண்டே அம்மா, புலித்தலைத் தொப்பி எங்கே கிடைக்கும் என்று விலாசமே போட்டுவிட்டார். பதினெட்டுப் பேருக்கும் வாங்கியாகிவிட்டது. கத்திக் கத்தி மண்டேக்குத் தொண்டை கட்டிவிட்டதாம். வெந்நீர் கொடுக்கிறார்களாம்.

நாளைக்கு அம்மாவிடம் சொல்லிவிடலாம்.

மே 31, வெள்ளி

அம்மா சீக்கிரம் படுத்துவிட்டாள். ஆச்சரியம் என்றால் ஆச்சரியமாகவே இருக்கட்டும்.

ஜூன் 1, சனி

எல்லாவற்றையும் வரிசையாக எழுதவேண்டும்.

வகுப்பறை முழுக்க பலூன். பின்சுவர் ஓரமாக, சின்னப் பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் பெரிய பெரிய பெற்றோர், முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் கையிலும் போன். நான் புகைப்படக்காரி. பிள்ளைகள் புலித்தலைத் தொப்பியோடு வந்திருந்ததைப் பார்த்து அம்மா என் பக்கம் திரும்பிப் புருவத்தை உயர்த்தினாள். "குழந்தைகள் தினம்லா," என்றேன்.

பாடம் பழங்கள். அம்மா ஆப்பிளை எடுத்துக் காட்டினாள். எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. வாழைப்பழம் வந்தபோது கிங்கும் ஸெவனும் தள்ளிக்கொண்டார்கள். அம்மா புன்னகையோடு, "கொயட், ப்ளீஸ்," என்றாள்.

பதினெட்டு உறுமல்.

அம்மா ஓர் அடி பின்னால் போய்விட்டாள். பெற்றோர் கைதட்டினார்கள். நான் நினைத்த சிரிப்பு அம்மாவுக்கு வரவில்லை. என்னைப் பார்த்தாள். நான் கேமராவைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன்.

"கொயட்."

இன்னும் பெரிய உறுமல். ஒரு தடவை போதும் என்று நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. வீட்டில் நாலு நாளாகப் பாடத்தை விட்டுவிட்டு இதையே படித்த மாதிரி உறுமினார்கள். நாற்காலிகள் விழுந்தன. ஸெவன் நாலு காலில் ஓடி வந்து அம்மாவின் இடுப்பில் இருந்த மைக் வயரைப் பிடித்து இழுத்தான். மைக் கீழே விழுந்து கீச்சென்று கத்திவிட்டுச் செத்துப்போயிற்று.

அப்போது அம்மா கத்தினாள். "ஸ்டாப்!"

அப்படி ஒரு சத்தம் அவளிடமிருந்து நான் கேட்டதே இல்லை. பிறகு மண்டே குதித்து, "வேடன்! டீச்சர்தான் வேடன்!" என்று சீனத்தில் கூவினாள். பதினெட்டுப் பேரும் மேசைக்கு அடியில் ஒளிந்துகொண்டார்கள். பெற்றோர் எழுந்து நின்று படம் எடுத்தார்கள். கதவருகே லின் மேடம் இரண்டு கட்டைவிரலையும் உயர்த்தினார்.

அம்மா அந்தக் கட்டைவிரல்களைப் பார்த்தாள். பெற்றோரைப் பார்த்தாள். இது அவர்களுக்குப் பிடித்திருக்கிறது என்று புரிந்துகொண்டாள். புரிந்துகொண்டவள் நிறுத்தவில்லை.

"டைகர்ஸ்! ஹூ வான்ட்ஸ் எ பனானா?"

நாற்பது நிமிஷம். மைக் இல்லாமல். பழத்தைத் தூக்கிப் பிடித்துப் பேரைக் கத்துவாள், புலிகள் திரும்பக் கத்திக்கொண்டு வந்து பிடுங்கும். ஆரஞ்சு, திராட்சை, மாம்பழம். கூடையில் பழம் தீரும்வரை. என் அம்மா எவ்வளவு நல்ல டீச்சர் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. நடுவில் நான் போய் நிறுத்தியிருக்கலாம். மெயின் ஸ்விட்சை அணைத்திருக்கலாம், மயங்கி விழுகிற மாதிரி நடித்திருக்கலாம். நடிப்பு எனக்கு வரும். நான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

எல்லாப் பெற்றோரும் அங்கேயே கையெழுத்துப் போட்டார்கள். லின் மேடம் அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "புலி விளையாட்டை வீட்டிலேயே பழக்கி வரச் சொன்னீங்களே, எப்படித்தான் யோசிச்சீங்க!" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள்.

"கிளாஸ் நல்லா இருந்துச்சாம்," என்றேன்.

கழிவறையில் அம்மா குனிந்து துப்பினாள். தொட்டியில் இளஞ்சிவப்பாக ஓடிற்று. "பீட்ரூட் தின்னியாம்மா?" என்று கேட்டேன். அதை ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

அவள் வாயைத் துடைத்துக்கொண்டு, "பெனி, போட்டோ எடுத்தியா?" என்றாள். 'பெனி' சத்தமாக வந்தது. 'எடுத்தியா' வரவில்லை.

ஜூன் 2, ஞாயிறு

சத்தம் இல்லை.

ஜூன் 3, திங்கள்

அதே டாக்டர். அதே குழாய். இந்தத் தடவை திரையில் வெள்ளை நாடா வெள்ளையாக இல்லை. ஒரு பக்கம் முழுக்க அடர்சிவப்பு.

டாக்டர் முகமூடியைக் கழற்றிவிட்டு என்னிடம் கேட்டார். "ஏப்ரல்லயே சொன்னேனே? முழுசாப் பேச்சை நிறுத்தணும். ஒரே ஒரு தடவை பலமாக் கத்தினாலும் உள்ளே ரத்தம் கசியும், தழும்பாயிடும், அப்புறம் பழைய குரல் திரும்பாதுன்னு. அம்மாகிட்ட சொன்னியா?"

அம்மா என்னைப் பார்த்து, என்ன என்று தலையை அசைத்தாள்.

"ரெஸ்ட் எடுக்கச் சொல்றாரும்மா," என்றேன்.

டாக்டர் என்னையே பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவர் சொன்னது ஐந்து வரி, நான் சொன்னது ஒரு வரி. எண்ணத் தெரியும் அவருக்கு.

பேச்சு மெல்ல வருமாம், கரகரவென்று. பாட்டு வராது. சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவது இனிமேல் நடக்காது. இதையும் நான் இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லை.

ஜூன் 5, புதன்

ஏப்ரல் 22 அன்று எழுதாமல் விட்டது டாக்டர் சொன்ன அந்தக் கத்தல் விஷயம்தான்.

அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சொல்ல மனசு வரவில்லை என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் உண்மை. மீதி இது: சொன்னால் அம்மா வேலையை விட்டிருப்பாள், ஊருக்குப் போயிருப்போம். எனக்குப் போகப் பிடிக்கவில்லை. அங்கே போனால் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்து "அப்பா இல்லாத பிள்ள" என்பார்கள். இங்கே யாருக்கும் தெரியாது. இங்கே நான் சேட்டைக்காரி மட்டும்தான்.

அம்மாவின் போனில் மொழிபெயர்க்கும் செயலி இருக்கிறது. அவள் திறந்ததே இல்லை. "பிள்ள இருக்கையில மிஷின் எதுக்கு?" என்பாள்.

ஜூன் 12, புதன்

லின் மேடம் வீட்டுக்கு வந்தார். ஒரு கூடை லிச்சிப்பழம், முதுகைத் தடவிக்கொடுக்கும் குரல்.

"பெற்றோருக்கு உங்க மேல ரொம்ப மரியாதை. ஆனா செப்டம்பர்ல வகுப்பு ஆரம்பிச்சாகணும். குரல் இல்லாம எப்படி? உக்ரைன்லேர்ந்து ஒருத்தங்க வர்றாங்க. விசா ஜூலை இருபது வரைக்கும் இருக்கு, அதுவரை வீட்டுல நிம்மதியா இருங்க."

இந்தத் தடவை ஒரு வார்த்தை விடாமல் அம்மாவிடம் சொன்னேன். உக்ரைன், செப்டம்பர், ஜூலை இருபது, எல்லாம். மொழிபெயர்ப்பதில் இவ்வளவு பாரம் இருக்கும் என்று தெரியாது. இதுவரை நான் ஒழுங்காகச் செய்ததில்லை போலும்.

அம்மா குறிப்புத்தாளில் எழுதினாள்: "நன்றி சொல்லு. டீ போட்டுத் தரட்டுமான்னு கேளு."

ஜூன் 15, சனி

லிச்சி அழுகிவிட்டது. யாரும் தொடவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

அடைமழைக் காலம் ஆரம்பித்துவிட்டது. சுவரெல்லாம் வியர்க்கிறது. கொடியில் போட்ட துணி நாலு நாளாகக் காயவில்லை. சாதாரணமாக இந்த மாதிரி நாளில் அம்மா என்னைக் காய்ச்சி எடுப்பாள். இப்போது அதுவும் இல்லை.

அம்மா பெட்டிகளைக் கீழே இறக்கி, பூஞ்சை பிடித்த மூலைகளைத் துடைத்து வைத்தாள்.

கணக்குப் புத்தகத்தைத் திறந்தேன். ரிப்போர்ட் நான் வைத்த பக்கத்தில் இல்லை. பின் அட்டைக்குப் பக்கத்தில், ஒழுங்காக இரண்டாக மடித்து இருந்தது. நான்தான் மாற்றி வைத்திருப்பேன்.

நான் எதையும் ஒழுங்காக மடிப்பதில்லை.

ஜூன் 20, வியாழன்

மழை. அம்மா எனக்குப் பிடித்த புளிக்குழம்பு வைத்தாள். தட்டில் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டி எழுதுவாள் என்று தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். "இன்னும் கொஞ்சம் சோறு?" என்று எழுதினாள்.

ஜூன் 23, ஞாயிறு

ஊரிலிருந்து தாத்தா, அம்மாவின் அப்பா, மூன்று ஞாயிறாக அம்மாவோடு பேசக் கூப்பிடுகிறார். வகுப்பில் இருக்கிறாள், குளிக்கிறாள், கடைக்குப் போயிருக்கிறாள் என்று நான்தான் சமாளித்தேன். அவரிடம் இருப்பது பட்டன் போன், முகம் தெரியாது. போன வாரம், "அவ சத்தத்தக் கேட்டாத்தான் எனக்குச் சோறு எறங்கும், சொல்லிட்டேன்," என்று வைத்துவிட்டார்.

மத்தியானம் அம்மா தாளை என் பக்கம் தள்ளினாள். "நீ பேசு. நான் பேசுற மாதிரி. அவருக்குத் தெரிய வேண்டாம்."

மாட்டேன் என்று தலையாட்டினேன். அம்மா எண்ணைப் போட்டு, ஒலிபெருக்கியைத் திறந்து, போனை மேசை நடுவில் வைத்தாள்.

"அப்பா," என்றேன். அம்மாவின் 'அப்பா'வில் கடைசி கொஞ்சம் இழுபடும். இழுத்தேன்.

"யம்மா ஜெசி! ஒஞ் சத்தத்தக் கேட்டு எத்தன நாளாச்சு! சொகமா இருக்கியா?"

"இருக்கேம்ப்பா. கிளாஸ் கூடிப்போச்சு. அதான்."

"அது கெடக்கட்டும். சத்தம் நல்லா தெளிவா இருக்கு. போன மாசம் கரகரன்னுல்லா இருந்துச்சு. கொறஞ்சிருச்சா?"

"கொறஞ்சிருச்சுப்பா."

அம்மா எதிரில் உட்கார்ந்து தன் குரல் தன் அப்பாவோடு பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கையில் பேனா. கண் மேசையில்.

"மழ உண்டா அங்க?"

"விடாம பெய்யுதுப்பா."

"பிள்ள எங்க? சேட்ட பண்ணுதாளா?"

இந்தக் கேள்விக்கு அம்மா எப்போதும் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். "அவ நல்ல பிள்ளப்பா." அதே இழுப்பு, அதே இறக்கம். வாய்வரை வந்தது.

"ஆமாப்பா," என்றேன். "பெரிய சேட்ட பண்ணிட்டா."

"என்ன பண்ணினா?"

"ஒரு முக்கியமான விஷயத்த எங்கிட்ட சொல்லாம மறைச்சிட்டா. சொல்லியிருந்தான்னா நான் ஒதுங்கியிருப்பேன். அப்புறம் வகுப்புப் பிள்ளைங்களுக்கு ஏதோ விளையாட்டச் சொல்லிக் குடுத்து, என்னையக் கத்த வச்சுட்டா. கெட்ட எண்ணம் இல்லப்பா. இங்கேர்ந்து போவப் புடிக்கல அவளுக்கு. பயந்துட்டா." அம்மாவின் இழுப்பு நழுவிற்று. மறுபடி பிடித்துக்கொண்டேன். "வேலையும் போச்சுப்பா. ஜூலைல ஊருக்கு வாரோம்."

தாத்தாவுக்குப் பின்னால் யாரோ பால்காரரிடம் பேசும் சத்தம் கேட்டது.

"வேல போனாப் போவுது, வாங்க. சின்னப் பிள்ளதானட்டி அவ. நீ அவமேல கோவமா இருக்கியா?"

அம்மா குரலில் நான் எதையும் சொல்லிவிடுவேன். இரண்டு மாசமாகச் சொல்லியிருக்கிறேன். இதை எப்படிச் சொல்வது?

"ஜெசி? லைன்ல இருக்கியா? கோவமா இருக்கியான்னு கேட்டேன்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தாளைத் தன் பக்கம் இழுத்தாள். எழுத நேரம் எடுத்துக்கொண்டாள். ஒரு வரியை அடித்தாள், அடித்தது தெரியாதபடி பேனாவால் திரும்பத் திரும்ப. அதற்குக் கீழே வேறொன்று எழுதி என் பக்கம் திருப்பினாள்.

"சாப்பிட்டாச்சான்னு கேளு."

கேட்டேன். அம்மாவின் குரலில்தான்.